காசி யாத்திரைச் செருப்பு

சார், தப்பா நினைச்சுக்காதீங்கோ, அந்தப் பையைக் கொஞ்சம் இப்படிக் கொடுங்கோ. காட்பாடியில நீங்க ஏறினதுலேர்ந்து பாத்துண்டே இருக்கேன், தோள் வார் பிச்சுண்டு தொங்கறது. இன்னும் ரெண்டு தடவை தூக்கினேள்னா லேப்டாப்போட கீழ விழும். இது மெஷின் தையல். மேல ஒரு நூல், கீழ ஒரு நூல், நடுவுல ஒண்ணையொண்ணு கொக்கி போட்டுப் பிடிச்சுண்டிருக்கும். ஒரு இடத்துல அறுந்துதுன்னா வரிசையா அவுந்துண்டே வரும். கைத் தையல் அப்படி இல்லை. ஒரே நூல், ரெண்டு முனையிலயும் ஊசி. ஒரே ஓட்டைக்குள்ள இந்தப் பக்கத்துலேர்ந்து ஒண்ணு போகும், அந்தப் பக்கத்துலேர்ந்து ஒண்ணு வரும். ஒரு தையல் அறுந்தாலும் பக்கத்துத் தையல் அசையாது. கொடுங்கோ, நான் போட்டுத் தரேன். காசெல்லாம் எடுக்காதீங்கோ. நான் தொழில்காரன் இல்லை.

டப்பாவுல ஒண்ணும் இல்லை, குத்தூசி, முனை மழுங்கின ரெண்டு ஊசி, மெழுகு நூல், அவ்வளவுதான். கத்தி, உளி, மரச் சுத்தி எல்லாம் ஆத்துல இருக்கு. இது வெளியூர் டப்பா. என் பேர் பஞ்சாபகேசன், நங்கநல்லூர். ஒரு இன்ஷூரன்ஸ் ஆபீஸ்ல அக்கவுண்ட்ஸ் பாத்துண்டிருந்தேன். ரிடையர் ஆன உடனே ஆளாளுக்கு ஒரு வழி சொன்னா. ஒருத்தர் சகஸ்ரநாம க்ளாஸுக்கு வாங்கோன்னார். ஒருத்தர் காலங்கார்த்தால பார்க்குக்கு வந்து சேர்ந்து சிரிக்கச் சொன்னார். எனக்கு ரெண்டும் ஒத்து வரலை. ஒரு நாள் போன்ல தள்ளிண்டே போறச்சே ஒரு வெள்ளைக்காரன் வீடியோ வந்துது. மேஜை முன்னாடி உக்காந்துண்டு தோல்ல பர்ஸ் பண்றான். பேச்சே கிடையாது. வெட்டறான், ஓரத்தைச் சீவறான், குத்தறான், தைக்கறான். அரை மணி நேரம் வாயைப் பொளந்துண்டு பாத்தேன். இதுதாண்டா உனக்குன்னு தோணித்து. லெதர் கிராஃப்ட். கைவினை, சார். கலை.

தோல் வாங்கப் பெரியமேட்டுக்கு முதல் தடவை போனப்போ கைக்குட்டையை மூக்குல வெச்சுண்டுதான் போனேன். கடைக்காரர் என்ன கனம் வேணும்னு கேட்டார். நல்ல கனமா கொடுங்கோன்னேன். மனுஷர் ஒரு பாளத்தை எடுத்துப் போட்டார், அதுல பர்ஸ் பண்ணினா செங்கல் மாதிரி இருந்தது, மடங்கவே இல்லை. அப்புறம்தான் படிச்சுத் தெரிஞ்சுண்டேன். பர்ஸுக்கு ஒரு மில்லிமீட்டர் தாராளம். பெல்ட்டுன்னா மூணரை, நாலு. அது மட்டும் இல்லை, மாட்டோட எந்தப் பாகத் தோல்ங்கறது முக்கியம். முதுகுத் தோல் இறுக்கமா இருக்கும், இழுத்தா நீளாது. வயத்துப் பக்கத்துத் தோல் விலை மலிவு, தொட்டா மிருதுவா இருக்கும், ஆனா இழுக்க இழுக்க வந்துண்டே இருக்கும். நம்ம வயிறு மாதிரிதான்.

என் ஆத்துக்காரி புவனா இருக்காளே, அவ பண்ணின அமர்க்களத்தை என்னன்னு சொல்றது. தோலை ஹாலுக்குள்ள கொண்டு வரக் கூடாதுன்னுட்டா. பால்கனியிலதான் உக்காரணும். எனக்குன்னு தனி பக்கெட். வேலை முடிஞ்சு தலைக்கு ஸ்நானம் பண்ணாம சமையல் உள்ளுக்குள்ள கால் வைக்கக் கூடாது. நான் எவ்வளவோ எடுத்துச் சொன்னேன். இது ரசாயனத்துல பதம் பண்ணின தோல் இல்லைடி, கடுக்காயும் ஆவாரம்பட்டையும் போட்டு ஊற வெச்சது, நம்மாத்து மருந்துப் பெட்டியில இருக்கிற சாமான்தான்னேன். அவ சொல்றா, "மாடு நம்மாத்து மருந்துப் பெட்டியில இல்லையே"ங்கறா. இந்தக் காலத்துல இப்படி ஒரு ஜென்மம். கையை வெச்சு வேலை பண்றதுல என்ன சார் தீட்டு? எனக்கு அந்த மாதிரி வித்தியாசமெல்லாம் கிடையாது. இந்த வாரைக் கொஞ்சம் இழுத்துப் பிடிச்சுக்குங்கோ. ஆங், அப்படித்தான்.

வித்தியாசம் பாக்காதவன்தான் நான். ஆனா என் பொண்ணு அபர்ணா என்னை என்னமோ ராக்ஷஸன்னு நினைச்சுண்டிருந்தா ரெண்டு வருஷம். கதையைக் கேளுங்கோ. நான் இந்தத் தோலைத் தொடறதுக்கு முன்னாடி நடந்தது. அவ ஐடியில இருக்கா. கூட வேலை பாக்கற பையன் ஒருத்தன், பரிதின்னு பேர். ஆத்துக்கே கூட்டிண்டு வந்தா. வாட்டசாட்டமா, அடக்கமா, நல்ல பையன். நான் குறை சொல்லவே மாட்டேன். ஊர் ஆம்பூர். அப்பா பேர் துரைக்கண்ணு. ஆத்துக்குப் பின்னாடி ஷெட்டு போட்டு, பத்துப் பேரை வெச்சுண்டு செருப்பு தைக்கறார். பெரிய கம்பெனிக்காரா ஆர்டர் கொடுப்பாளாம், இவர் பண்ணிக் கொடுப்பாராம். இவரும் அந்தப் பத்துப் பேரோட உக்காந்து தைக்கறவர்தான்.

நான் ஜாதி பாக்கறவன் இல்லை சார். என்ன ஜாதின்னு ஒரு வார்த்தை கேட்டேனா? கேக்கலை. கேக்காமயே தெரிஞ்சுது, அது வேற விஷயம்.

அந்த துரைக்கண்ணு ஒரு நாள் ஆத்துக்கு வந்தார், சம்பந்தம் பேசறதுக்கு. வெள்ளை வேஷ்டி, வெள்ளைச் சட்டை, ஒரு கூடை சாத்துக்குடி. சோபா நுனியில உக்காந்துண்டார். அன்னிக்குன்னு பாத்து டம்ளரெல்லாம் புவனா தேய்க்கப் போட்டிருந்தா. பேப்பர் கப்புல காபி கொடுத்தோம். நான் மனசு விட்டுப் பேசினேன். பையனைப் பிடிச்சிருக்கு, எனக்கு ஆட்சேபணை இல்லை, ஆனா நாலு பேர் வந்து போற இடம் பாருங்கோ. அந்தத் தொழிலை மெதுவா மூடிடுங்கோ. முடியலையா, மண்டபத்துல யாராவது கேட்டா ஏதோ எக்ஸ்போர்ட் பிசினஸ்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்கோ. அவ்வளவுதான். ஒரு வார்த்தை. வேற எந்த அப்பன் இவ்வளவு இறங்கி வருவான் சொல்லுங்கோ?

அவர் காபியைக் குடிச்சு முடிச்சார். அப்புறம் சொன்னார். "மூடச் சொல்றீங்க, அதக்கூட யோசிப்பேன் சார். பசங்க தலையெடுத்துட்டாங்க. ஆனா நாலு பேர் முன்னாடி இல்லேன்னு சொல்லச் சொல்றீங்க பாருங்க, அது நம்மால ஆகாதுங்க. இந்தக் கை தைச்சுதான் அவன் படிச்சான். இதப் போயி இல்லேன்னு எப்டிங்க சொல்றது" அப்படின்னுட்டு எழுந்துண்டார். குரலை உசத்தலை. அந்தக் கப்பை அவரே கையில எடுத்துண்டு போய், வாசல் குப்பைத் தொட்டியில போட்டுட்டுப் போனார். சுத்தமான மனுஷர், அதுல சந்தேகமே இல்லை. ஆனா என்ன பிடிவாதம். பெத்த பிள்ளைக்காக ஒரு வார்த்தை மாத்திச் சொன்னா வாயா கோணிடும்?

அன்னிலேர்ந்து அபர்ணா எங்கிட்ட பேசறதை நிறுத்திட்டா. சாப்பிட்டியான்னா சாப்பிட்டேன். மழை வரதான்னா வரது. அவ்வளவுதான் அப்பா பொண்ணு பேச்சு. சாத்துக்குடியெல்லாம் அப்படியே வாடிப் போச்சு, யாரும் தொடலை. ஒரே பொண்ணு சார். நடு ராத்திரி பயந்துண்டு எழுந்தா அம்மாவைக் கூப்பிட மாட்டா, என்னைத்தான் கூப்பிடுவா. அந்தக் குழந்தை ஒரே ஆத்துல இருந்துண்டு என் முகத்தைப் பாக்காம தாண்டிப் போகும். ஆனா நான் ஒண்ணும் தப்பாச் சொல்லலையே, நான் எதுக்கு இறங்கிப் போகணும்னு இருந்துட்டேன்.

இந்தத் தோல் வேலைதான் சார் எங்களைச் சேத்து வெச்சுது. நிஜமாச் சொல்றேன். ஒரு நாள் பால்கனியில உக்காந்து ஒரு பெல்ட்டுக்கு ஓரம் தேச்சிண்டிருக்கேன், அவ பின்னாடி வந்து நிக்கறா. எவ்வளவு நேரம் நின்னாளோ. "அப்பா, ஓரத்தை முதல்ல ஈரம் பண்ணிக்கணும், காஞ்ச ஓரத்தைத் தேச்சா நார் நாராத்தான் நிக்கும்"னா. ரெண்டு வருஷம் கழிச்சு அவளா வந்து பேசின முதல் வார்த்தை அது. தண்ணியைத் தொட்டுத் தடவி, முரட்டுத் துணியால அழுத்தித் தேச்சு, மேல தேன்மெழுகு போட்டேன். கண்ணாடி மாதிரி பளபளன்னு வந்துது. உனக்கு எப்படிடி தெரியும்னேன். தெரியும்னா. நெட்ல பாத்திருப்பா. இந்தக் காலத்துக் குழந்தைகளுக்கு எல்லாம் நெட்லதான்.

அதுலேர்ந்து சாயங்காலம் ஆபீஸ் முடிஞ்சு வந்தா, காபியை எடுத்துண்டு நேரா பால்கனிதான். வெட்டறதுக்கு முன்னாடி ஸ்கேலை அழுத்திப் பிடிச்சுப்பா. நூலுக்கு மெழுகு ஏத்திக் கொடுப்பா. ஒரு நல்ல குத்தூசி கொண்டு வந்து கொடுத்தா, பழைய மரப் பிடி போட்டது, கையில வெச்சுண்டா விரலோட ஒட்டிக்கும். தெரிஞ்சவா கொடுத்தான்னா. இதோ இப்ப குத்திண்டிருக்கேனே, இதுதான். இதுக்கு முன்னாடி ஆன்லைன்ல வாங்கினதெல்லாம் வெறும் ஆணி.

ஒரு நாள் கேட்டா. "அப்பா, இப்ப பரிதியோட அப்பாவைப் பாத்தேள்னா என்ன பேசுவேள்?"னா. நான் யோசிச்சே சொன்னேன். ஏண்டி, தோல் எங்க மலிவா வாங்கறேள்னு கேப்பேன். பெரியமேட்டுக்காரன் என்னைப் பாத்தாலே விலையை ஏத்திடறான், இவர் மூலமாப் போனா குறைச்சலா கிடைக்குமோ இல்லையோன்னேன். அவ கையில இருந்த மெழுகைக் கீழ வெச்சா. அப்புறம் எழுந்து உள்ள போயிட்டா. சாப்பிட வரச்சே கண்ணெல்லாம் சிவந்திருந்தது. அப்ப ஊரெல்லாம் கண் வலி வந்துண்டிருந்த சமயம்.

அதுக்கப்புறம்தான் வரன் பாக்க ஆரம்பிச்சேன். நல்ல இடம். பையன் நிகில், புனேல வேலை. அப்பா ஜம்புநாதன், பாங்க்ல பெரிய பதவியில இருந்து ரிடையர் ஆனவர். கொஞ்சம் ஆசாரமான குடும்பம். அபர்ணாகிட்ட கேட்டேன். "உங்க இஷ்டம்ப்பா"ன்னா. பாருங்கோ, எவ்வளவு பக்குவம் வந்துடுத்து. எல்லாம் இந்தக் கைவேலையால வந்த பக்குவம்னு நான் புவனாகிட்டக்கூடச் சொன்னேன்.

எங்க கல்யாணத்துல காசி யாத்திரைன்னு ஒண்ணு உண்டு. நீங்க பாத்திருப்பேள். தாலி கட்டறதுக்கு முன்னாடி மாப்பிள்ளை குடை, கைத்தடி, விசிறி எல்லாம் எடுத்துண்டு, புதுச் செருப்பு போட்டுண்டு, எனக்குக் கல்யாணமே வேண்டாம், சன்னியாசியா காசிக்குப் போறேன்னு மண்டபத்தை விட்டுக் கிளம்புவான். பொண்ணோட அப்பா ஓடிப் போய், ஐயா போகாதீங்கோ, என் பொண்ணைத் தரேன், கிருஹஸ்தனா இருங்கோன்னு சொல்லித் திருப்பிக் கூட்டிண்டு வரணும். அந்தக் குடை, செருப்பெல்லாம் பொண்ணாத்துக்காரா வாங்கிக் கொடுக்கணும். கடையில செட்டா விக்கறான். செருப்பைப் பாத்தேன், அட்டையும் ரெக்ஸினும். வாசல் வரைக்கும் தாங்காது. எனக்கு அப்பதான் பளிச்சுன்னு தோணித்து. மாப்பிள்ளைக்கு என் கையாலயே பண்ணிப் போடறேன். லோகத்துல எந்த மாமனார் பண்ணியிருக்கான்?

மாப்பிள்ளையைக் காகிதத்துல கால் வெச்சு வரைஞ்சு அனுப்பச் சொன்னேன். வேலை லேசில்லை சார். அடியில மூணு அடுக்குத் தோல். மேல குறுக்கு வார், கட்டை விரலுக்கு ஒரு வளையம். வாரோட முனையை அடித்தோல்ல கீறி உள்ள விட்டு, அடியில மடக்கி, பசை போட்டு, தைக்கணும். அந்த மடக்கற முனையை நன்னா சீவி மெலிசாக்கணும். இல்லைன்னா உள்ளங்காலுக்குக் கீழ கல்லு மாதிரி உறுத்தும். முதல் ஜோடிக்கு வாரை வயத்துத் தோல்ல வெட்டிட்டேன், மிருதுவா இருக்கட்டுமேன்னு. அபர்ணா அப்பவே சொன்னா, வாருக்கு அது ஆகாதுப்பா, தொளதொளன்னு போயிடும்னு. நான் கேக்கலை. போட்டுண்டு பத்துத் தடவை நடந்து பாத்தேன். கால் முன்னாடி போறது, செருப்பு பின்னாடியே நிக்கறது.

ரெண்டாவது ஜோடி முதுகுத் தோல்ல. ஒரு ஓரத்தை நான் தைக்க, இன்னொரு ஓரத்தை அவ தைச்சா. சார், அவ தையல் என் தையலை விட நேரா இருந்தது. கடைசித் தையல் போட்ட உடனே முன்னாடி வந்த ஓட்டைகள்லயே ரெண்டு தையல் திரும்பி வரணும், அப்பதான் முடிச்சே போடாம நூல் நிக்கும். எனக்கு அப்பல்லாம் அது வராது. அவ போட்டுக் கொடுத்தா. முடிஞ்சு, எண்ணெய் தடவி, பால்கனிக் கட்டையில ரெண்டையும் வெச்சுட்டு ரெண்டு பேரும் பாத்துண்டே இருந்தோம். தேன் நிறம். "நன்னா பண்ணியிருக்கேள்ப்பா"ன்னா. "இதை யார் பண்ணினான்னு மண்டபத்துல கேப்பா. என்ன சொல்வேள்?"னா. என்னடி கேள்வி இது, மைக்கைப் பிடிச்சுச் சொல்வேன், பஞ்சாபகேசன் பண்ணினதுன்னு சொல்வேன்னேன். சிரிச்சா. எத்தனையோ நாள் கழிச்சு முழுசா சிரிச்சா. நான் ஜெயிச்சுட்டேன்னு நினைச்சேன்.

கல்யாணத்தன்னிக்கு நான் எங்காத்துப் பக்கம் போற வரவா எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். நாயனக்காரர்கிட்ட சொன்னேன். போட்டோ எடுக்கறவன்கிட்ட செருப்பைத் தனியா எடுன்னு சொன்னேன். மாப்பிள்ளை போட்டுண்டு நடந்தான். அப்படியே அளவெடுத்த மாதிரி, அளவெடுத்ததுதானே. குடையைப் பிடிச்சுண்டு வாசலுக்குப் போயிட்டான். வாத்தியார் எனக்கு மந்திரத்தை வரி வரியா சொல்லித் தரார். அந்த நேரம் பாத்து மாப்பிள்ளையோட அத்தை, "செருப்பு லட்சணமா இருக்கே, எங்க வாங்கினேள்?"னு கேட்டா. நான் காத்துண்டிருந்த கேள்வி. விடுவேனா? மாமி, வாங்கலை, என் கையால பண்ணினது, மாட்டோட முதுகுத் தோல், நானே வெட்டி, நானே சீவி, நானே தைச்சதுன்னு ஆரம்பிச்சேன். ஆவாரம்பட்டை வரைக்கும் போயிட்டேன்.

அந்த மாமி முகம் போன போக்கை நீங்க பாத்திருக்கணும். "மாட்டுத் தோலையா? உங்க கையாலயா?"ன்னா. ஆமாம்னேன். "அந்தக் கையாலயா தாரை வார்த்துக் கன்னிகாதானம் பண்ணப் போறேள்?"னா. நாயனம் அப்படியே நின்னு போச்சு. அவா பக்கத்துல ஒவ்வொருத்தரா எழுந்துண்டு கிட்ட வரா. செருப்புத் தைக்கற சம்பந்தியான்னு ஒருத்தர் கேக்கறார், என் காதுல விழற மாதிரி. எனக்கு எப்படி இருந்திருக்கும் சொல்லுங்கோ. எந்தக் காலத்துல இருக்கா இவா? ஒருத்தன் கையால என்ன வேலை பண்றான்னு பாத்து அவனை எடை போடறதாவது. படிச்சவா சார், எல்லாரும் படிச்சவா. பத்தாம்பசலி ஜனங்கள்.

ஜம்புநாதன் என் தோள்ல கையைப் போட்டு ஓரமா கூட்டிண்டு போனார். "ஸார், எனக்கு ஒண்ணும் இல்லை. நான் இதெல்லாம் பாக்கறவன் இல்லை. ஆனா நாலு பேர் வந்து போற இடம். சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன், கடையில வாங்கினதுதான்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்கோ. அந்தச் சாமானையெல்லாம் அப்புறம் மெதுவா ஒழிச்சுக் கட்டிடுங்கோ"ன்னார். அவர் மரியாதையாத்தான் பேசினார். எனக்கு உள்ள பத்தி எரியறது. மூணு மாச உழைப்பு. ஆனா நான் பொண்ணைப் பெத்தவன். வாசல்ல மாப்பிள்ளை குடையோட வெயில்ல நிக்கறான். தன் கௌரவத்தைப் பாத்தா ஆகுமா? சபை நடுவுல வந்து நின்னேன். மாமி, தமாஷுக்குச் சொன்னேன், தி.நகர்ல வாங்கினது, எனக்கு ஊசியில நூல் கோக்கக்கூடத் தெரியாதுன்னேன். எல்லாரும் சிரிச்சுட்டா. மாமியும் சிரிச்சா. நாயனம் மறுபடி ஆரம்பிச்சுது. எவ்வளவு பெரிய தியாகம் பாருங்கோ. நான் அந்த துரைக்கண்ணு மாதிரி பிடிவாதம் பிடிச்சேனா?

திரும்பிப் பாக்கறேன், அபர்ணா மாலையோட வாசல்படிக்குக் கிட்ட நிக்கறா. மாலை மாத்தறதுக்காகக் கூட்டிண்டு வந்து நிறுத்தியிருக்கா, எல்லாத்தையும் கேட்டுண்டு நின்னிருக்கா. கிட்ட வந்தா. "அப்பா, அந்தச் செருப்பு யார் பண்ணினது?"ன்னா. மெதுவாத்தான் கேட்டா. நாலு பக்கமும் அவா மனுஷா. நான் என்ன சார் சொல்வேன்? கடையில வாங்கினதும்மான்னேன். இன்னொரு தடவை கேக்கறா, "யார் பண்ணினதுப்பா?" நான் பல்லைக் கடிச்சுண்டு, அதான் சொன்னேனே, கடைன்னேன்.

மாலையைக் கழட்டினா. புவனா கையில கொடுத்தா. நேரா வாசலைப் பாத்து நடந்தா. காசிக்குப் போறவன் குடையைப் பிடிச்சுண்டு நிக்கறான், அவனைத் தாண்டிண்டு கல்யாணப் பொண்ணு போறா. நான் பின்னாடியே ஓடினேன். ஆட்டோவுல ஏறிட்டா. கம்பியைப் பிடிச்சுண்டு, என்னடி இது, உனக்காகத்தானே சொன்னேன்னு கெஞ்சினேன். அப்ப சொன்னா சார். "பரிதியோட அப்பாவுக்கு அது சோறுப்பா. ஒரு வார்த்தை மாத்திச் சொல்லலேன்னா பையன் கல்யாணமே போகும்னு தெரிஞ்சும் அவர் இல்லேன்னு சொல்லலை. உங்களுக்குப் பொழுதுபோக்கு. ஒரு மாமி முகத்தைச் சுளிச்ச உடனே இல்லேன்னுட்டேள்." ஆட்டோ கிளம்பிடுத்து.

பொழுதுபோக்காம். கேட்டேளா? அதுதான் என்னைத் தைச்சுடுத்து. விரலெல்லாம் பாருங்கோ, எத்தனை காயம். இதைப் போய்ப் பொழுதுபோக்குன்னுட்டாளே. கூட உக்காந்து பாத்தவ.

அந்தக் கல்யாணம் அத்தோட போச்சு. நான் சாமானை ஒழிக்கலை. கல்யாணமே நடக்கலை, எதுக்கு ஒழிக்கணும். அடுத்த மாசமே பரிதியை ரெஜிஸ்டர் ஆபீஸ்ல கல்யாணம் பண்ணிண்டா. ரெண்டு பேரும் ஆத்துலேர்ந்தே வேலை பாக்கலாம்னு ஆம்பூர்லயே இருக்காளாம். எனக்குச் சொல்லலை. புவனாகிட்ட போன்ல பேசறா. அதை விடுங்கோ, அந்தத் தனி பக்கெட் வெச்ச புவனா இருக்காளே, அவ என்கிட்ட சொல்லாம ஆம்பூர் போய், அவாத்துல தங்கி, சாப்பிட்டுட்டு வந்திருக்கா. "எப்படிடி சாப்பிட்டே?"ன்னேன். வாயாலதான்னா. இவ கால் அலம்ப துரைக்கண்ணுவே தண்ணி எடுத்துக் கொடுத்தாராம். பொண்ணு ஷெட்டுல உக்காந்து கணக்கெல்லாம் பாத்துக்கறாளாம். சாயங்காலம் தைக்கவும் தைக்கறாளாம்.

நானும் போகணும்னுதான் கிளம்பினேன் சார். டிக்கெட் பெங்களூர் வரைக்கும் எடுத்திருக்கேன், ஒரு சௌகரியத்துக்கு. போன தடவையும் இப்படித்தான் எடுத்தேன். அதுக்கு முந்தின தடவையும். அந்த துரைக்கண்ணுவைப் பாத்தா என்ன சொல்றதுன்னு நன்னா யோசிச்சு வெச்சிருக்கேன். நானும் தோல் வேலை பண்றவன், நீங்களும் தோல் வேலை பண்றவர், நமக்குள்ள என்ன வித்தியாசம்னு பெருந்தன்மையாவே ஆரம்பிப்பேன். அவர் பாடு பிரச்னை இல்லை. அபர்ணாகிட்டதான் என்ன சொல்றதுன்னு தெரியலை.

என்ன, வண்டி நின்னுடுத்தா? ஆம்பூரா? தெரியும் சார், போர்டைப் பாத்தேன். இருங்கோ, இன்னும் ரெண்டு தையல் திரும்பி வரணும். அதைப் போடாம விட்டா நாளைக்கே பிச்சுக்கும், அப்புறம் நீங்க என்னைத்தான் திட்டுவேள். இல்லை சார், நீங்க இழுக்காதீங்கோ, ஊசி கையில இருக்கு. பாதி வேலையில எப்படி எழுந்து போறது? உங்களுக்கு என் மேல அக்கறை, புரியறது. தெரு பேரெல்லாம் தெரியும். ஸ்டேஷன்லேர்ந்து நடந்தே போயிடலாமாம், புவனா சொன்னா.

இந்தாங்கோ. இழுத்துப் பாருங்கோ. அசையாது.

கிளம்பிடுத்து. போகட்டும். இறங்கி மட்டும் என்ன சார் சொல்றது, நீங்களே சொல்லுங்கோ. அன்னிக்கு ஆட்டோ போனதும் நான் திரும்பி வந்து வாத்தியார்கிட்ட கேட்டேன். நிஜமாவே கேட்டேன், புத்தி கலங்கிப் போயிருந்தது. மாப்பிள்ளையைத் திருப்பிக் கூப்பிட என்ன சொல்லணும்னு வரி வரியா சொல்லிக் கொடுத்தேளே, பொண்ணு கிளம்பிப் போனா என்ன சொல்லிக் கூப்பிடணும்னு கேட்டேன். அவர் புஸ்தகத்தை மூடி வெச்சுட்டார். அதுக்கு மந்திரம் இல்லை, நீங்களாத்தான் சொல்லணும்னார்.